நாற்பத்து மூன்று விநாடி

இந்த வாரம் நான் ஒரு ரயில் என்ஜினுக்கு மார்க் போட்ட கதை.

சிரிக்காதீர்கள். பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவனுக்கும் ரயில் என்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால், போன மாதம் மயிலாடும்பாறையிலிருந்து வந்த போன் என்னை விடவில்லை. பேசியது என் பெரியப்பாவின் பேரன். மகள் வயிற்றுப் பேரன். கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறான்.

"மாமா, நான் ஒரு டீசல் என்ஜின் செஞ்சிருக்கேன். நீங்கதான் சினிமா, ஓட்டல், செல்போன்னு எல்லாத்துக்கும் விமர்சனம் எழுதுறீங்களே, இதுக்கும் ஒண்ணு எழுதுங்க. ஒளிவுமறைவு இல்லாம மார்க் போடணும்."

"என்ன என்ஜின்டா?"

"தாத்தா ஓட்டின என்ஜின், மாமா."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

மயிலாடும்பாறை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தேனி மாவட்டம், ஆண்டிபட்டி தாலுகா. கடமலைக்குண்டு தாண்டிப் போனால் வருசநாட்டு மலை நெருங்கி வரும். பக்கத்திலேயே மூல வைகை. வருஷத்தில் பாதி நாள் அது மணல்தான். தென்னையும் இலவ மரமும் கண்ணுக்கு எட்டிய வரை. இந்த ஊருக்கு ரயில் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ரயில் பார்க்க வேண்டுமென்றால் ஆண்டிபட்டிக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கிளம்பிப் போய் ரயில் டிரைவர் ஆனவர் எங்கள் பெரியப்பா. மதுரையில் குவார்ட்டர்ஸ், மீட்டர் கேஜ் வண்டிகள், ராத்திரி டியூட்டி என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டு, ஊருக்கே திரும்பி வந்து தென்னந்தோப்பில் உட்கார்ந்துவிட்டார்.

மதுரை - போடிநாயக்கனூர் பாதை 1928-ல் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். 2010 டிசம்பர் கடைசியில், அகலப்பாதை போடுவதற்காக மீட்டர் கேஜை நிறுத்தினார்கள். பெரியப்பாவும் அதையொட்டித்தான் ரிட்டயர் ஆனார். 'நானும் என் ரூட்டும் ஒண்ணா வீட்டுக்கு வந்துட்டோம்' என்று அப்போது சொன்னார். ரயில் பற்றி அவர் வாய்விட்டுச் சொல்லி என் காதில் விழுந்த ஒரே வாக்கியம் அதுதான். அதற்குக் காரணம் நான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மார்க்.

மாடல் ரயில் என்பது வெளிநாட்டில் பெரிய விஷயம். அமெரிக்காவில் 'மாடல் ரயில்ரோடர்' என்று ஒரு பத்திரிகை 1934-லிருந்து வருகிறது. புது மாடல் ஒன்று சந்தைக்கு வந்தால் நம்மூரில் புது காருக்கு விமர்சனம் எழுதுவது போல எழுதுவார்கள். நிஜ என்ஜினின் வரைபடத்தை வைத்துக்கொண்டு அளப்பார்கள். எடை போடுவார்கள். எவ்வளவு மெதுவாக நகர முடிகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கு எடுப்பார்கள். நம் நாட்டிலும் இந்தப் பைத்தியம் உண்டு. புனேயில் ஜோஷி என்ற குடும்பத்தின் மினியேச்சர் ரயில் மியூசியம் 1998-ல் திறக்கப்பட்டது. சிக்னல், மேம்பாலம், சர்க்கஸ் கூடாரம் என்று ஒரு குட்டி ஊரே உள்ளே இருக்கிறது. ஆனால், தமிழ்நாட்டு மீட்டர் கேஜ் டீசல் என்ஜினை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. பையன் கம்ப்யூட்டரில் படம் வரைந்து, கல்லூரியில் இருக்கிற முப்பரிமாண பிரின்டரில் உடம்பை அச்சடித்து எடுத்திருக்கிறான்.

பழைய பத்திரிகைக் காகிதத்தைப் பிரித்து மேசையில் வைத்தான். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு ஒய்.டி.எம்.-4.

அந்தப் பெயருக்கு அர்த்தம் சுலபம். ஒய் என்றால் மீட்டர் கேஜ். டி என்றால் டீசல். எம் என்றால் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கும் கலப்பு வேலை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்த வடிவம் இது. அப்புறம் 1968-லிருந்து வாரணாசி டீசல் என்ஜின் தொழிற்சாலையில் நாமே செய்தோம். வரிசையாக ஆறு சிலிண்டர், சுமார் 1,400 குதிரைசக்தி, ஆறு அச்சு, பன்னிரண்டு சக்கரம், எடை 72 டன். இங்கே மீட்டர் கேஜ் குறையக் குறைய, வியட்நாம், மலேசியா, மியான்மர் என்று கடல் தாண்டியும் போய் உழைத்த என்ஜின்.

பையன் எடுத்துக்கொண்ட அளவு 87-ல் ஒரு பங்கு. உலகத்தில் அதிகம் பேர் வைத்திருக்கும் மாடல் அளவு இதுதான். மீட்டர் கேஜின் அகலம் 1,000 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். கடையில் கிடைக்கிற தண்டவாளம் 12 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்தான் உதைக்கிறது. நம்முடைய அகலப்பாதை என்ஜினை இதே அளவில் செய்தால் தண்டவாளம் 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். ஆனால், கிடைப்பது பதினாறரைதான், ஐரோப்பா, அமெரிக்காவின் அகலத்துக்குச் செய்தது. பெரிய காலை அடுத்தவன் செருப்புக்குள் திணித்த மாதிரி ஆகிவிடும். அந்த விதத்தில் மீட்டர் கேஜ் மாடல் அதிர்ஷ்டசாலி. அளவுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன்.

தோற்றத்துக்கு வருவோம். டிரைவர் அறை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. அதற்கு ஒரு புறம் குட்டை மூக்கு, மறுபுறம் நீள மூக்கு. நீள மூக்குக்குள்தான் என்ஜின். அதன் ஓரமாக ஆள் நடந்து போகிற நடைபாதை, தலைமுடி கனத்தில் செப்புக் கம்பியில் கைப்பிடி. முன்னால் அகலப்பாதை என்ஜின் போல இரண்டு பஃபர் இல்லை. மீட்டர் கேஜுக்கே உரிய மாதிரி நடுவில் ஒன்றே ஒன்று. கதவுகளின் கீல்கூட நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது.

"பிரமாதம்டா. பத்துக்குப் பத்து" என்றேன்.

"தாத்தா பார்க்கட்டும் மாமா" என்றான், பயத்தோடு.

பெரியப்பா அதுவரை தோப்பில் இருந்தார். வந்தார், முகம் கழுவினார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். என்ஜினைக் கையில் எடுக்கவில்லை. மேசைக்குச் சமமாகக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிளாட்பாரத்தில் நின்று வண்டியைப் பார்ப்பது போலப் பார்த்தார். ரொம்ப நேரம். எழுபது வயது தாண்டிய மனிதர் அவ்வளவு நேரம் குனிந்து நின்றதைப் பார்த்து பெரியம்மா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"மணல் குழாய் எங்க?"

பையன் விழித்தான்.

"சக்கரத்துக்கு முன்னாடி தண்டவாளத்து மேல மணல் விழணும்ல, அந்தக் குழாய். மழைத் தண்ணி, பனி, எலை விழுந்து கெடந்தா சக்கரம் வழுக்கும். மணல் இல்லாம கணவாய் ஏறிருவியா நீ?"

உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவில் இருக்கிற கணவாயைச் சொல்கிறார். நான் பையனைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்தேன். இருபது வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ரயில் வருகிறது!

"ரெண்டாவது, சக்கரம் நெருக்கமா இருக்கு. இது நம்ம போகி இல்லியே."

பையன் ஒப்புக்கொண்டான். இதே 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் 120-ல் ஒரு பங்கு அளவு ஜெர்மன் மாடல்களும் ஓடும். அப்படிப்பட்ட ஒன்றின் மோட்டாரையும் சக்கரங்களையும் வாங்கித்தான் அடியில் பொருத்தியிருக்கிறான். சொந்தமாகப் பல்சக்கரம் செய்வது அவனால் ஆகவில்லை.

"மூணாவது, ரொம்பச் சுத்தமா இருக்கு. புகை போற எடத்துல கூரை பூரா கரியா இருக்கணும். ஆல்கோகாரன் என்ஜின் புகையில்லாம நாட்ச் ஏறாது." திராட்டில் கைப்பிடிக்கு எட்டு நிலை, ஒவ்வொன்றும் ஒரு நாட்ச்.

நான் சத்தம் போடாமல் பத்தை ஏழாக்கினேன்.

அடுத்தது செயல்திறன். இங்கேதான் என் காமர்ஸ் மூளைக்கு வேலை. சமையலறைத் தராசில் வைத்தேன்: 310 கிராம். நிஜ என்ஜின் 72 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 87-ல் ஒரு பங்கு ஆகிறபோது எடை 87-ஐ மூன்று தடவை பெருக்கிய தொகையால் குறைய வேண்டும். அதாவது 6,58,503. அந்தக் கணக்குப்படி மாடலின் எடை 109 கிராம்தான் இருக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். 'அப்படிக் கனம் இல்லேன்னா சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது மாமா' என்றான் பையன். எல்லாக் கம்பெனியும் உள்ளே உலோகத்தைத் திணித்துத்தான் செய்கிறார்களாம்.

இழுவைக்கு ஒரு சோதனை. என்ஜினின் வாலில் நூலைக் கட்டி, நூலை மேசை விளிம்பில் தொங்கவிட்டு, நுனியில் காகிதக் கப்பை மாட்டி, பத்து ரூபாய் நாணயமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு நாணயம் 7.71 கிராம். எட்டு நாணயம் வரை தம் பிடித்து இழுத்தது. ஒன்பதாவதில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. சுமார் 62 கிராம். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. நல்ல கணக்கு. ஒன்பது மார்க்.

மெதுவாக நகர்வதில் இன்னும் நன்றாக இருந்தது. மலிவான மாடல்கள் கிளம்பும்போது தவளை மாதிரி ஒரு குதி குதிக்கும். இது அப்படிச் செய்யவில்லை. பெரியப்பா முகத்தில் லேசாகச் சிரிப்பு. 'ஜெர்க் இல்லாம எடுக்குறான். பொட்டிக்குள்ள டம்ளர்ல டீ வச்சா சிந்தாது. அதுதான்டா டிரைவருக்கு மார்க்கு' என்றார்.

பையனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. எட்டடி மேசையின் இந்தக் கோடியிலிருந்து வேகமாக ஓட்டிக் காட்டினான். அந்தக் கோடி வந்ததும் பட்டனை அழுத்தினான். என்ஜின் சட்டென்று நின்றது, ஆணி அடித்த மாதிரி.

"பாத்தீங்களா தாத்தா? இம்மி நகரலை!"

பெரியப்பாவின் சிரிப்பு போய்விட்டது.

"இது என்ஜின் இல்லப்பா" என்றார். "என்ஜின் இப்பிடி நிக்காது."

எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

பையன் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. நான் அப்போது புதிதாகச் சேர்ந்த நிருபர். சட்டைப் பையில் அடையாள அட்டை, அதற்கு ஏற்ற வாய். பெரியப்பா ஓட்டிய வண்டியில் ஒரு பாட்டி அடிபட்டு இறந்துபோனார். எந்த இடம் என்பதெல்லாம் வேண்டாம். அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கேட் இல்லாத இடம், வளைவு, தலையில் புல்லுக்கட்டு. விசாரணை நடந்தது. டிரைவர் மேல் தப்பில்லை என்று எழுதி முடித்தார்கள். அடுத்த வாரம் வீட்டில் ஒரு விசேஷம். பந்தியில் பெரியப்பா எனக்கு எதிர் இலை. நாலு பேர் முன்னால் நான் கேட்டேன்: 'அவ்வளவு தூரத்துல பாத்துட்டீங்கள்ல பெரியப்பா, நிறுத்தியிருக்கலாமே?'

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிருபர் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைத்துக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இலையில் பாதிச் சாப்பாடு இருக்க, கை கழுவ எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னோடு எல்லாம் பேசினார். என் கல்யாணத்துக்கு முன்னால் நின்றார். கடன் கேட்டபோது கொடுத்தார். ரயிலை மட்டும் பேசவில்லை. வீட்டில் யாரோடும் பேசவில்லை. இந்தப் பையனுக்குத் தாத்தா ரயில் ஓட்டினார் என்பதுகூட அலமாரியில் இருந்த ஒரு போட்டோவைப் பார்த்துத்தான் தெரியும்.

நான் திண்ணைக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதிர்வீட்டுக் கோழிகளைப் பார்த்தோம்.

"முன்னூறு மீட்டர்" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை.

"ஐம்பதுல வந்தேன். நீள மூக்கு முன்னால. அப்பிடி வந்தா டிரைவருக்கு ஒரு பக்கம்தான் தெரியும். மத்த பக்கம் அசிஸ்டென்ட் கண்ணுதான். அவன்தான் கத்துனான். அப்ப எம்பது மீட்டர் இருக்கும். கத்துன அந்த நிமிஷமே போட்டுட்டேன். நின்னப்பறம் டேப் வச்சு அளந்தாங்க. பிரேக் போட்டதுலருந்து நின்ன வரைக்கும் முன்னூறு."

வாக்குவம் பிரேக் எப்படி வேலை செய்யும் என்று சொன்னார். வண்டி நெடுக ஒரு குழாய். அதில் காற்றை உறிஞ்சி வைத்திருக்கும் வரைக்கும் பிரேக் விலகியிருக்கும். டிரைவர் காற்றை உள்ளே விட்டால் பிரேக் பிடிக்கும். ஆனால், காற்று என்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரை போய்ச் சேர வேண்டும். பிடித்த பிறகும், இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்கிறது. ரயில் சுலபமாக ஓடுவதற்கு எது காரணமோ, அதுவேதான் சுலபமாக நிற்காததற்கும் காரணம்.

"நிப்பாட்டியிருக்கலாமேன்னு நீ கேட்ட. அதுக்கு என்னத்தச் சொல்ல? போட்டேன்னு சொல்லலாம். போட்டும் நிக்கலைன்னா அது கேக்குறவனுக்குப் புரியாது."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. உள்ளே வந்தேன். தப்பு செய்த கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டுவது போல, மார்க் எழுதிய காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் விநாடிக்குச் சுமார் 14 மீட்டர். அந்த வேகத்திலிருந்து ஒரே சீராகக் குறைந்து 300 மீட்டரில் நிற்க வேண்டுமானால், 43 விநாடி ஆகும். முதல் 80 மீட்டரைக் கடக்க 6 விநாடி. அந்த இடத்தில் வண்டியின் வேகம் இன்னும் 43 கிலோமீட்டர் இருக்கும்.

அதை மாடலுக்கு மாற்றினேன். 300 மீட்டரை 87-ஆல் வகுத்தால் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அடிக்கணக்கில் பதினொன்றே கால். பையனின் மேசை எட்டடி! சரியாகச் செய்த மாடல் அந்த மேசையில் நிற்கவே முடியாது, கீழே விழுந்துவிடும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நீளத்தை வகுக்கலாம், அகலத்தை வகுக்கலாம், எடையை வகுக்கலாம். நேரத்தை வகுக்க முடியாது. வேகமும் 87-ல் ஒரு பங்கு, தூரமும் 87-ல் ஒரு பங்கு. ஆகவே, நிற்க எடுக்கும் நேரம் மாடலுக்கும் அதே 43 விநாடி.

"டேய், இதை மெதுவா நிக்க வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

முடியும் என்றான். என்ஜினுக்குள் நகத்தளவு ஒரு சில்லு இருக்கிறது. தண்டவாளத்தில் எப்போதும் கரண்ட் இருக்கும். அதன் வழியாகவே வருகிற கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டுவது இந்தச் சில்லுதான். அதில் எண் போட்ட அறைகள். மூன்றாம் அறையில் எழுதும் எண், எவ்வளவு நேரத்தில் வேகம் எடுக்க வேண்டும் என்பதற்கு. நான்காம் அறை, எவ்வளவு நேரத்தில் வேகம் குறைய வேண்டும் என்பதற்கு. "ரெண்டுலயும் பூஜ்யம் வச்சிருந்தேன் மாமா. டக்குனு நின்னா நல்லதுன்னு நெனச்சேன்."

உச்ச வேகத்தை விநாடிக்கு 16 சென்டிமீட்டருக்குக் கட்டினான். அதுதான் 50 கிலோமீட்டரில் 87-ல் ஒரு பங்கு. நான்காம் அறையில் 48 என்று எழுதினான். அந்த எண்ணை 0.896-ஆல் பெருக்கினால் விநாடிக் கணக்கு வருமாம். 43.

மேசை போதாது. தரையில் போட்டோம். நடுக்கூடத்திலிருந்து அடுக்களை வாசற்படி வரை, இருந்த தண்டவாளத் துண்டுகளை எல்லாம் கோத்து ஒரே நேர்கோடு. பெரியம்மா முறத்தையும் குடத்தையும் நகர்த்திக் கொடுத்தார். என்ன நடக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

நான் போய்ப் பெரியப்பாவைக் கூப்பிட்டேன். வருவாரோ மாட்டாரோ என்று இருந்தது. வந்தார். தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார். பையன் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கிப் பார்த்தார். எந்தப் பட்டன் எதற்கு என்று கேட்டுக்கொண்டார். "நீள மூக்கு முன்னால வையி" என்றார். வைத்தான்.

அப்புறம் அடுக்களையைப் பார்த்து, "ஒரு புளியங்கொட்டை எடு" என்றார்.

பெரியம்மா எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா தண்டவாளத்தின் ஓரத்தில் ஓர் இடத்தில் சாக்பீஸால் கோடு கிழிக்கச் சொன்னார். அங்கேதான் பிரேக். அங்கிருந்து 92 சென்டிமீட்டர் அளந்து, தண்டவாளத்தை ஒட்டிப் புளியங்கொட்டையை வைத்தார். 80 மீட்டரில் 87-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கை நான்தான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

என்ஜின் கிளம்பியது. அந்த வேகம் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. குழந்தை தவழ்கிற வேகம். கோடு வந்தது. பெரியப்பா பட்டனை அழுத்தினார். நான் செல்போனில் விநாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று. என்ஜின் குறைகிறதா என்றே தெரியவில்லை. நான்கு, ஐந்து. ஆறாவது விநாடியில் புளியங்கொட்டையைத் தாண்டியது.

கடந்தும் போய்க்கொண்டே இருந்தது. பத்து. பதினைந்து. பிரேக் போட்டாயிற்று, இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. அவர் கட்டைவிரல் பட்டனை விட்டு எடுக்கவில்லை. இருபது. இருபத்தைந்து. பெரியம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பது. இப்போதுதான் குறைவது கண்ணுக்குத் தெரிந்தது. முப்பத்தைந்து. நாற்பது. அடுக்களை வாசற்படிக்குக் கொஞ்சம் முன்னால் ஊர்ந்து, ஊர்ந்து, நின்றது.

நாற்பத்து மூன்று.

ஆறு விநாடி முன்னால். முப்பத்தேழு விநாடி பின்னால். அந்த முப்பத்தேழை நாங்கள் யாரும் கணக்கில் எடுத்ததே இல்லை. நடந்து முடிந்தது என்று தெரிந்த பிறகும், நிற்காத வண்டியில், கையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்த நேரம் அது.

"இப்ப இது என்ஜின்" என்றார் பெரியப்பா.

"பெரியப்பா, அன்னிக்கு நான் கேட்டது..." என்று ஆரம்பித்தேன்.

"விடுப்பா. நீ என்ன என்ஜினா ஓட்டுன?" என்றார்.

அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவும் விடவில்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. புளியங்கொட்டையை எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தார். ராத்திரி சாப்பிடும்போது, கணவாயில் மழை நாளில் வண்டி வழுக்கிய கதையைப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

மார்க்குக்கு வருகிறேன். அளவு ஒன்பது. தோற்றம் ஏழு. இழுவை ஒன்பது. கிளம்புவது பத்து. நிற்பது, முதலில் பூஜ்யம். நான்காம் அறையில் 48 எழுதிய பிறகு பத்து. எனக்கு மார்க் போடுவதாக இருந்தால் என்ன போடுவீர்கள் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்து 43 விநாடி சும்மா உட்கார்ந்து பாருங்கள். அப்புறம், அடுத்த தடவை மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து நுழையும்போது, 'ரயில் தூரத்தில்தானே வருகிறது' என்று தோன்றினால், அந்த நேரத்தை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அகலப்பாதை ரயில் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் வந்துவிட்டது. பெரியப்பா அதைப் பார்க்க ஆண்டிபட்டி பக்கமே போனதில்லை. போன வாரம் பையன் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஆண்டிபட்டி ஸ்டேஷன் பெஞ்சில் பெரியப்பா. கையில் மஞ்சள் பை.

அடுத்த படத்தில் ஒய்.டி.எம்.-4. கூரையில் கரி படிந்திருக்கிறது. சக்கரத்துக்கு முன்னால், மெல்லிய செப்புக் கம்பியில், மணல் குழாய்.